பல்கலைக்கழக நூலகத்தைப் பசுமைக் கட்டடமாக வடிவமைப்பது எப்படி? முதல் கணக்கிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகள் வரை

பசுமைக் கட்டடம் என்றதும் மொட்டைமாடியில் சோலார் தகடு, சுவரில் தொங்கும் செடி, வாசலில் ஒரு சான்றிதழ்ப் பலகை என்றுதான் பலருக்கும் மனதில் ஓடுகிறது. நூலகத்தைப் பொறுத்தவரை இவையெல்லாம் கடைசியில் வருபவை. அடுத்த ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு அந்தக் கட்டடம் எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பது, தாளில் விழும் முதல் சில கோடுகளிலேயே பெருமளவு முடிவாகிவிடும். அவற்றில் முக்கியமானது, புத்தகங்கள் இருக்கும் இடத்துக்கும் மனிதர்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவே போடும் கோடு.

காகிதத்துக்கு இருட்டும் குளிர்ச்சியும் அதிகம் ஏறி இறங்காத ஈரப்பதமும் வேண்டும். படிக்க வருபவருக்கு வெளிச்சமும் புதுக் காற்றும் வேண்டும். வெப்பம் இரண்டு மூன்று டிகிரி கூடினாலும் ஒரு மின்விசிறி இருந்தால் பொறுத்துக்கொள்வார். இந்த இரு தரப்பையும் ஒரே கூடத்தில் வைத்து, ஒரே ஏசியால் இருவரையும் திருப்திப்படுத்தப் பார்ப்பதுதான் நூலகங்களின் மின் கட்டணம் எகிற முதல் காரணம். கடைசியில் இருவருக்குமே திருப்தி இருக்காது.

படி 1: வரைவதற்கு முன் எண்ணுங்கள்

நூலகரோடு உட்கார்ந்து மூன்று கணக்குகளை எடுங்கள். இருக்கும் புத்தகங்கள் எத்தனை, அவற்றில் கடந்த சில ஆண்டுகளில் ஒருமுறையாவது அலமாரியை விட்டு வெளியே வந்தவை எத்தனை என்பது முதல் கணக்கு. இரவல் பதிவேட்டிலேயே இது கிடைக்கும். ஒரு நாளின் எந்த மணியில் எத்தனை இருக்கைகள் நிரம்புகின்றன என்பது இரண்டாவது; தேர்வுக் காலத்தையும் சாதாரண நாளையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள் என்பது மூன்றாவது.

முதல் கணக்கு பெரும்பாலும் ஆச்சரியம் தரும். பல வருடங்களாக யாரும் தொடாத புத்தகங்கள்தான் பெரும்பகுதி இடத்தை அடைத்திருக்கும். அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, நெருக்கி அடுக்கினால் போதும். தண்டவாளத்தில் நகரும் நெருக்க அடுக்குகள், நடைவழிகளை மிச்சப்படுத்தி, தேவைப்படும் தளப்பரப்பை ஏறக்குறையப் பாதியாக்கும். இதையே இன்னும் தூரம் கொண்டுபோனவர்கள் உண்டு. 2011-இல் திறக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகத்தின் மன்சுயேட்டோ நூலகத்தில், 35 லட்சம் நூல்கள் வரை கொள்ளும் தானியங்கிக் கிடங்கு நிலத்துக்கு அடியில் சுமார் 15 மீட்டர் ஆழம் வரை இறங்குகிறது. மேலே இருப்பது ஒரு கண்ணாடிக் குவிமாடமும் அதற்குள் வாசிப்பறையும்தான். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஹன்ட் நூலகமும் (2013) இதே வழிதான். அங்குள்ள ரோபோக் கிடங்குக்கு, வழக்கமான அலமாரிகளுக்கு வேண்டிய இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போதும் என்கிறார்கள். ரோபோவுக்கு மின்சாரமும் வேண்டும், பராமரிக்க ஆளும் வேண்டும் என்பதால் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் இதைச் சொல்லமாட்டேன். கையால் சுழற்றி நகர்த்தும் அடுக்கே பலருக்குப் போதும்.

புதுக் கட்டடம் தேவையா என்ற கேள்வியையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். வளாகத்தில் பழைய வகுப்பறைக் கட்டடம் ஒன்று சும்மா இருந்தால், அதன் தளங்கள் புத்தக அடுக்கின் பாரத்தைத் தாங்காமல் போகலாம். ஆனால் மேசையையும் நாற்காலியையும் தாராளமாகத் தாங்கும். அதை வாசிப்பறையாக மாற்றி, பக்கத்தில் புத்தகங்களுக்கு மட்டும் ஒரு சிறிய கட்டடம் எழுப்பினால், சிமென்ட்டும் இரும்பும் பாதிக்கு மேல் மிச்சமாகலாம். புதிதாகக் கட்டாத ஒவ்வொரு சதுர மீட்டரும் எந்தச் சான்றிதழும் தர முடியாத சேமிப்பு. கட்டடக் குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னால் முகங்கள் சுருங்கும் என்பது வேறு விஷயம்.

படி 2: இடம், திசை, தண்ணீர்

தண்ணீர் எங்கே தேங்கும் என்பதை முதலில் பாருங்கள். 1997 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வெள்ளம் மோர்கன் நூலகத்தின் அடித்தளத்தை நிரப்பி, லட்சக்கணக்கான நூல்களை நனைத்தது. 2004 அக்டோபரில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ஹாமில்டன் நூலகத்தில், அருகில் ஓடும் ஓடை பொங்கி, தரைத்தளத்தில் இருந்த வரைபடத் தொகுப்பைச் சிதைத்தது. நிலத்தடி இடம் வெப்பம் மாறாதது, காகிதத்துக்கு உகந்தது என்பது உண்மை. நிலத்தடி நீர்மட்டம் ஆழத்தில் இருந்து, வெள்ள வரலாறு இல்லாமல், இரட்டை நீர்த்தடுப்பும் பம்ப்பும் வைக்கப் பணமும் இருந்தால் அங்கே போகலாம். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் புத்தகங்களை நடுத்தளங்களின் நடுப்பகுதிக்கு ஏற்றிவிடுங்கள். சூரியனும் எட்டாது, வெள்ளமும் எட்டாது.

திசை விஷயம் பலருக்கும் தெரிந்ததுதான்: நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும், நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும். கிழக்கிலும் மேற்கிலும் படிக்கட்டு, லிஃப்ட், கழிப்பறை, மின்சார அறை ஆகியவற்றை வைத்து வெயிலுக்கு மறைப்பாக்குங்கள். இடத்தில் பெரிய மரங்கள் இருந்தால், வரைபடத்தில் முதலில் அவற்றைக் குறித்துவிட்டு மிச்ச இடத்தில் கட்டடத்தைப் பொருத்துங்கள்.

படி 3: மூன்று வட்டங்கள்

முதலில் சொன்ன கோட்டைப் போடும் இடம் இதுதான். நடைமுறையில் ஒரே கோடாக நிற்காது, மூன்று வட்டங்களாக விரியும்.

உள்வட்டத்தில் அரிய நூல்கள், கையெழுத்துப் பிரதிகள், ஆவணங்கள். ஜன்னலே இல்லாத, தடித்த சுவருள்ள, சிறிய அறை. ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். 30-க்குக் கீழே போனால் காகிதம் மொடமொடக்கும். இடைப்பட்ட ஓர் அளவில் நிறுத்தி, வெப்பத்தைப் பருவத்தோடு மெதுவாக ஏறி இறங்க விடலாம். வருடம் முழுக்க ஒரே டிகிரி என்று பிடிவாதம் பிடிப்பதைப் பாதுகாப்பு வல்லுநர்களே இப்போது தளர்த்திவிட்டார்கள். வேகமாக ஏறி இறங்குவதைத்தான் தவிர்க்க வேண்டும். இன்னொரு வசதியும் உண்டு: காகிதம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடும் பொருள். சிறிய அறையில் நெருக்கமாக அடுக்கிய புத்தகங்கள் தாங்களே ஈரப்பதத்தைச் சமன்செய்யும். காற்றுப் புகாதபடி அறையைக் கட்டினால் இயந்திரத்துக்கு வேலை குறைவு.

நடுவட்டத்தில் நெருக்க அடுக்குகள். ஆள் நடமாட்டம் எப்போதாவதுதான் என்பதால் விளக்குகள் அசைவுணரியால் எரிந்து அணையட்டும். வெப்பம் கொஞ்சம் ஏறினால் பரவாயில்லை, ஈரப்பதத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது.

வெளிவட்டத்தில் மனிதர்கள். பாடநூல்கள், புது வரவுகள், அடிக்கடி புரட்டப்படுபவை எல்லாம் இவர்களோடு சேர்ந்து திறந்த அலமாரியில் இருக்கட்டும். கைபட்டுத் தேய்ந்து சில ஆண்டுகளில் மாற்றப்படும் புத்தகங்கள் இவை. மனிதர் தாங்கும் வெப்பத்தை இவையும் தாங்கும். அலமாரியில் தேடி அலைந்து, எதிர்பாராமல் ஒரு நூலைக் கண்டெடுக்கும் சுகம் மாணவர்களுக்குப் போய்விடக் கூடாது என்று நூலகர்கள் கவலைப்படுவார்கள். நியாயமான கவலைதான். வெளிவட்டத்துக்கு எந்த நூல்கள் வர வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

இவற்றோடு இரவு முழுக்கத் திறந்திருக்கும் படிப்பறை ஒன்றைத் தனி வாசல், தனிக் கழிப்பறை, தனி ஏசி இணைப்போடு தரைத்தளத்தின் ஒரு மூலையில் ஒதுக்குங்கள். நாற்பது பேர் இரவில் படிக்க, ஐந்து மாடிகளுக்கு விளக்கெரிக்கும் நூலகங்கள் உலகெங்கும் உண்டு. இந்த ஒரு கதவு ஒரு கூரை நிறைய சோலார் தகடுகளுக்குச் சமமான வேலையைச் செய்துவிடும்.

படி 4: பகல் வெளிச்சம்

வாசிப்பு மேசையில் சுமார் 500 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும்; அலமாரியில் புத்தக முதுகைப் படிக்க 200 லக்ஸ் போதும். ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதைப் போல ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உள்ளே பயன்படும். மேல்விளிம்பு 3 மீட்டரில் இருந்தால், 6 அல்லது 7 மீட்டருக்கு அப்பால் மேசை போட்டுப் பயனில்லை. ஆக, வெளிவட்டத்தின் அகலம் தானாகவே முடிவாகிவிடுகிறது: மேசை ஜன்னலோரம், அலமாரி அதற்கு உள்ளே, நெருக்க அடுக்கு நடுவில்.

அலமாரி வரிசைகளை ஜன்னல் சுவருக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். இணையாக நிறுத்தினால் முதல் வரிசையே சுவர்போல வெளிச்சத்தையும் காற்றையும் மறித்துவிடும். செங்குத்தாக வைத்தால் நடைவழி வழியாக இரண்டும் உள்ளே போகும்.

வெளிச்சம் வேண்டும் என்பதற்காக முகப்பு முழுவதையும் கண்ணாடியாக்கும் பழக்கம் இருக்கிறதே, அதை எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. சுவர்ப்பரப்பில் 30 முதல் 40 சதவீதக் கண்ணாடி இருந்தாலே, சரியான இடத்தில் இருந்தால், போதும். அதற்கு மேல் போனால் வெயில் உள்ளே வரும், மாணவர்கள் திரையை இழுத்துவிடுவார்கள், அப்புறம் பகலிலேயே விளக்கெரியும். முழங்காலுக்குக் கீழே உள்ள கண்ணாடியால் மேசைக்கு எந்தப் பயனும் இல்லை. அதையெல்லாம் சுவராக்கி, மிச்சமான கண்ணாடியை உத்தரத்தை ஒட்டி மேலே வையுங்கள்.

சன்ஷேடைக் கண்ணளவில் போடாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். சூரியன் ஜன்னலுக்கு நேர் எதிரே 60 டிகிரி உயரத்தில் இருக்கும்போது, 1 மீட்டர் நீட்டிய சன்ஷேடு 1.7 மீட்டர் வரை நிழல் தரும். அதே சூரியன் 20 டிகிரிக்கு இறங்கினால் நிழல் 36 சென்டிமீட்டர்தான். மேற்குப் பக்கத்தில் படுக்கைவாக்குச் சன்ஷேடு ஏன் உதவாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். அங்கே செங்குத்துத் தடுப்புகளோ, துளையிட்ட சுவரோ, மரமோதான் காப்பாற்றும்.

ஜன்னலிலிருந்து நடுப்பகுதி வெகுதூரம் இருக்கும்படி கட்டடம் அகன்றிருந்தால், நடுவில் ஒளிக்கிணறு, அதாவது கூரையிலிருந்து கீழ்த்தளங்களுக்கு வெளிச்சம் இறங்கும் திறந்தவெளி, தேவைப்படும். கூரை வெளிச்சத்தைச் சூரியன் நேராக விழாத திசைக்குத் திருப்புங்கள். வடகோளத்தில், வெப்பமண்டலத்துக்கு வெளியே, அது வடக்கு. வெப்பமண்டலத்தில் கோடை மாதங்களில் சூரியன் வடக்கிலும் எட்டிப்பார்க்கும் என்பதால் சின்ன மறைப்பு ஒன்று கூடுதலாக வேண்டும். விளக்குகளைப் பொறுத்தவரை, கூடம் முழுக்க 500 லக்ஸ் என்று போட வேண்டாம். பொதுவாக 200 லக்ஸ் இருக்கட்டும். மிச்சத்தை மேசை விளக்கு தரட்டும், அதன் சுவிட்ச் உட்காருபவர் கையில் இருக்கட்டும்.

படி 5: காற்றும் குளிர்ச்சியும்

உட்கார்ந்து படிக்கும் ஒருவரின் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளிவருகிறது. ஆயிரம் பேர் என்றால் 100 கிலோவாட். மடிக்கணினிகள் அதற்கு மேல். ஆக, நிரம்பிய நூலகத்தைச் சூடாக்குவது வெயில் மட்டுமல்ல, கூட்டமும்தான். கூட்டம் எப்போது, எங்கே என்று படி 1-இல் எடுத்த கணக்கு இங்கேதான் கைகொடுக்கும்.

இயந்திரம் இல்லாமல் காற்றை நகர்த்த முடியுமா என்பதற்குப் பாடநூல் உதாரணம், இங்கிலாந்தின் கவன்ட்ரி பல்கலைக்கழகத்தில் 2000-இல் திறக்கப்பட்ட லான்செஸ்டர் நூலகம். கட்டடக் கலைஞர் ஆலன் ஷார்ட் குழுவினரின் வடிவமைப்பு. தரைத்தளம் சுமார் 50 மீட்டருக்கு 50 மீட்டர். சாதாரணமாக இவ்வளவு அகன்ற கட்டடத்தை இயற்கைக் காற்றால் நடத்த முடியாது என்பார்கள். தரைக்கு அடியிலுள்ள இடைவெளி வழியே வெளிக்காற்று நுழைந்து, நான்கு ஒளிக்கிணறுகளில் ஏறி, ஒவ்வொரு தளத்திலும் பரவுகிறது. சூடானதும் நடுமுற்றம் வழியாகவும் சுற்றுச்சுவரிலுள்ள புகைபோக்கி போன்ற கோபுரங்கள் வழியாகவும் வெளியேறுகிறது. வெளிச்சத்துக்கென வைத்த கிணறே காற்றுக்கும் பாதையாகிவிட்டது. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் 2005-இல் திறக்கப்பட்ட மொழியியல் நூலகத்தில் நார்மன் ஃபாஸ்டர் நிறுவனம் வேறு வழி எடுத்தது: குமிழ் போன்ற இரட்டை வெளிக்கூடு, இரண்டு அடுக்குக்கும் நடுவே காற்று ஓடும் இடைவெளி, உள்ளே வெப்பத்தைத் தாங்கி வைக்கும் கான்கிரீட். ஆண்டின் பெரும்பகுதி இயற்கைக் காற்றோட்டத்தில் ஓடும்படி அமைத்திருக்கிறார்கள்.

இரண்டும் குளிர்ந்த நாட்டுக் கட்டடங்கள் என்பதை மறக்கக் கூடாது. இரவில் குளிர்ந்த காற்றை உள்ளே விட்டுக் கான்கிரீட்டைக் குளிரவைக்கும் உத்தி, பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு நிறைய உள்ள வறண்ட இடங்களில் அருமையாக வேலை செய்யும். இரவிலும் புழுங்கும் இடத்தில் அதே ஜன்னலைத் திறந்தால் ஈரம் நேராகப் புத்தகத்துக்குள் போகும். அங்கே கலப்பு முறைதான் சரி: வெளிவட்டத்தை மட்டும் வானிலை நன்றாக இருக்கும் மாதங்களில் திறந்து, மற்ற மாதங்களில் மூடி ஏசி போடுவது; நடுவட்டமும் உள்வட்டமும் எப்போதும் மூடியே இருப்பது. வட்டங்களுக்கு நடுவே கதவு வேண்டும் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான்.

ஏசி என்று வந்துவிட்டால் ஈரத்தை அகற்றும் வேலையையும் குளிரவைக்கும் வேலையையும் பிரித்துவிடுங்கள். வெளியிலிருந்து வரும் புதுக் காற்றை மட்டும் ஒரு கருவி ஈரம் நீக்கிக் கொடுக்கட்டும். அறையைக் குளிரவைப்பது தனியாக நடக்கட்டும். வெளியேறும் காற்றின் குளிர்ச்சியை உள்வரும் காற்றுக்கு மாற்றும் சக்கரமும் இருந்தால் நல்ல சேமிப்பு. புதுக் காற்றின் அளவைக் கரியமில வாயு உணரி தீர்மானிக்கட்டும்: வெளியே 420 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு) அளவில் இருப்பது, உள்ளே 1000-ஐ நெருங்கும்போது மட்டும் விசிறி வேகம் கூடினால் போதும். கூரையில் பெரிய, மெதுவாகச் சுழலும் விசிறிகளை மாட்டினால் ஏசியை இரண்டு டிகிரி ஏற்றி வைத்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

ஈரமான ஊர்களில் எச்சரிக்கை ஒன்று. செலவைக் குறைக்கிறோம் என்று இரவில் ஏசியை முழுவதும் அணைத்து, காலையில் மறுபடி போடும் வழக்கம் பூஞ்சையை வரவேற்பதற்குச் சமம். குளிர்ந்த அலமாரியிலும் சுவரிலும் இரவின் ஈரம் படியும். வெளிவட்டத்தில் அணைக்கலாம்; புத்தக வட்டங்களில் ஈரம் நீக்கும் கருவி மட்டுமாவது ஓட வேண்டும்.

படி 6: தளமும் தூணும் பொருளும்

அமெரிக்கத் தரவிதிப்படி புத்தக அடுக்குத் தளம் சதுர மீட்டருக்கு 7.2 கிலோநியூட்டன் (சுமார் 730 கிலோ எடை) தாங்க வேண்டும். வாசிப்பறைத் தளத்துக்கு 2.9 போதும். மற்ற நாடுகளின் விதிகளில் எண் மாறும், ஆனால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். நகரும் நெருக்க அடுக்குக்கு இன்னும் கணிசமாகக் கூடும்; விற்பவரிடம் எழுத்தில் எண்ணை வாங்கிப் பொறியாளரிடம் கொடுங்கள். எதிர்காலத்தில் எங்கு வேண்டுமானாலும் அலமாரி வைக்கலாமே என்று எல்லாத் தளத்தையும் அதிக பாரத்துக்கு வடிவமைப்பது வழக்கம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் காலத்துக்கும் பயன்படாத கான்கிரீட்டை அது சுமக்க வைக்கிறது. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது என்பதை வைத்துப் பார்த்தால் இது சின்ன விஷயமல்ல. நடுவட்டம் கனமாகவும் வெளிவட்டம் இலேசாகவும் இருக்கட்டும்.

அலமாரி அகலம் பெரும்பாலும் 90 சென்டிமீட்டர். தூண் இடைவெளியை அதன் மடங்காக, 7.2 அல்லது 8.1 மீட்டர் என்று வைத்தால் தூண் நடைவழியில் முட்டாது. கான்கிரீட்டில் சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதில் இரும்பாலைக் கசடோ நிலக்கரிச் சாம்பலோ சேர்க்கலாம். இறுக அதிக நாள் எடுக்கும் என்பதால் ஒப்பந்தக்காரரின் கால அட்டவணையில் முன்பே எழுதிவிடுங்கள். வாசிப்புக் கூடத்தின் கூரைக்கு மரத்தைப் பரிசீலிக்கலாம், முறையாக வளர்த்து வெட்டியதாக இருந்தால்.

படி 7: ஓசை

பசுமைக் கட்டட உத்திகள் பல அமைதிக்கு எதிரி. திறந்த ஜன்னல் வழியே வாகன ஓசை வரும், நடுமுற்றம் பேச்சை ஐந்து மாடிக்கும் ஏற்றும், வெப்பம் தாங்குவதற்காக மூடாமல் விட்ட கான்கிரீட் எதிரொலிக்கும். கூரையை முழுக்க மூடாமல், ஒலியுறிஞ்சும் பலகைகளை இடைவெளி விட்டுச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் கான்கிரீட்டும் காற்றைத் தொடும், ஓசையும் அடங்கும். குழு விவாத அறைகளைத் தரைத்தளத்திலும், மௌன வாசிப்பை மேல்தளத்திலும் வையுங்கள்.

படி 8: தண்ணீரும் கூரையும்

1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 1500 சதுர மீட்டர் கூரையில் 30 மில்லிமீட்டர் பெய்தால், சிதறல் போக ஏறக்குறைய 36,000 லிட்டர் கைக்கு வரும். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் அது போகட்டும். மழைநீர்க் குழாயோ கழிப்பறைக் குழாயோ புத்தக அடுக்குகளுக்கு மேலே ஓடக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

கூரைக்குப் போட்டியாளர்கள் பலர்: சோலார், புல்வெளி, வெளிச்சத் திறப்பு, ஏசி இயந்திரங்கள். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக நூலகம் சரிவான கூரை முழுவதையும் புல்வெளியாக்கிவிட்டது. மாணவர்கள் அதில் ஏறி உட்காருகிறார்கள். வார்சா பல்கலைக்கழக நூலகத்தின் கூரைத் தோட்டம் ஒரு ஹெக்டேருக்கு மேல் பரந்து, ஊர்மக்களுக்கும் திறந்திருக்கிறது. தளத்தின் எடையும் நீர்த்தடுப்பும் கூடுவதால், ஆட்கள் ஏறிப் பயன்படுத்தாத கூரையில் தோட்டம் போடுவதைவிட அந்த இடத்தைச் சோலாருக்குக் கொடுப்பது மேல் என்பது என் கருத்து. 1 கிலோவாட்டுக்குத் தகடு மட்டும் 5 சதுர மீட்டர்; இடைவெளியும் நடைவழியும் சேர்த்தால் அதற்கு ஏறக்குறைய இரு மடங்கு. மாடிகள் கூடக்கூட கூரை போதாது. அதனால்தான் முதலில் தேவையைக் குறைக்க வேண்டியிருக்கிறது.

படி 9: சாவி வாங்கியபின்

வருடத்துக்குச் சதுர மீட்டருக்கு இத்தனை யூனிட் என்ற இலக்கை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். லீட், பிரீயம், கிரிஹா போன்ற பசுமைக் கட்டடச் சான்றிதழ்கள் ஒழுங்காக வேலை செய்ய உதவும். ஆனால் வடிவமைப்புக் கட்டத்தில் கிடைத்த மதிப்பெண்ணும், கட்டி முடித்தபின் மீட்டரில் ஓடும் எண்ணும் ஒன்றல்ல. மூன்று வட்டங்களுக்கும் இரவுப் படிப்பறைக்கும் தனித்தனி மீட்டர் வையுங்கள். இல்லையென்றால் கட்டணம் கூடும்போது யாரைக் கேட்பது என்றே தெரியாது.

புத்தகங்களை அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். புதுக் கான்கிரீட்டும் பூச்சும் மாதக்கணக்கில் ஈரத்தை வெளியே விடும். உள்வட்டத்தில் ஈரப்பதப் பதிவுக்கருவியை வைத்து, சில வாரங்கள் தொடர்ந்து எண் நிலையாக நின்றபின் அலமாரியை நிரப்புங்கள். முதல் ஆண்டில் எல்லாப் பருவத்தையும் கட்டடம் ஒருமுறை பார்த்துவிடும். ஒவ்வொரு பருவ முடிவிலும் கட்டுப்பாட்டு அமைப்பைத் திருத்த வடிவமைப்பாளரும் ஏசிப் பொறியாளரும் திரும்பி வர வேண்டும் என்று அவர்களுடைய சம்பளத்திலேயே அதைச் சேர்த்துவிடுங்கள். இரண்டாம் ஆண்டில் மாணவர்களிடமும் ஊழியர்களிடமும் எங்கே புழுங்குகிறது, எங்கே குளிர்கிறது, எந்தத் திரை எப்போதும் மூடியே இருக்கிறது என்று கேட்டு, மீட்டர் எண்களோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எப்போதும் மூடியிருக்கும் திரைக்கு வெளியே ஒரு தடுப்பு மாட்ட வேண்டியிருக்கும். அதற்கான தொகையைக் கட்டுமான வரவுசெலவில் முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள், ஏனென்றால் திறப்புவிழா முடிந்தபின் யாரும் தரமாட்டார்கள்.